அண்ணி அந்தப் படகுல வராங்க

எலுமிச்சம்பழச் சாதத்தில் உப்புக் குறைவு. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன், ஐயா. காலையில் வேன் சீக்கிரம் வந்துவிட்டது.

விருத்தாசலத்தில் செராமிக் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள் நான். கை நடுங்கினால் பிள்ளையாருக்கு மாறுகண் விழுந்துவிடும். அதனால் எதையும் பதறாமல் செய்துதான் பழக்கம். இதையும் அப்படித்தான் செய்தேன்.

பிச்சாவரம் போகலாம் என்று சொன்னது நான்தான். அங்கே காட்டுக் கால்வாய்களில் நீர்நாய் உண்டு என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து ஒரே ஆசை. என் வீட்டுக்காரர் பழமலை சரியென்றார். அவருடைய அக்கா செல்வநாயகி அண்ணியை யாரும் கேட்கவில்லை, அவரும் சரியென்றார். அவர் வந்தால் அவர் வீட்டுக்காரர் ராஜமாணிக்கமும் வரத்தானே வேண்டும்.

இரண்டு படகு பிடித்தோம். அண்ணி எங்கள் படகில் ஏறினார், ராஜமாணிக்கம் மற்றதில். மர வேர்களெல்லாம் தண்ணீருக்குள் கால் நீட்டி நிற்கிற இடம். அப்படி ஓர் அமைதி. அண்ணி தன் புது கேமரா செல்போனை எடுத்து ஒவ்வொரு ரிங்டோனாகப் போட்டுக் காட்டினார். கொக்குகள் எழுந்து போயின. பிறகு உப்பைப் பற்றிப் பேசினார். மீன்கொத்தியும் போயிற்று.

கடைசியில் ஒரு வேரடியில் பழுப்பாய் ஒரு தலை எழும்பியது. மீசையில் தண்ணீர் சொட்ட என்னையே பார்த்தது.

"அண்ணி, நீர்நாய்," என்றேன் மெதுவாக.

"நாயப் பாக்கவா இம்மாந்தூரம் வேன் புடிச்சி வந்த? நம்ம வூட்டு வாசல்லயே நாலு கெடக்குது."

தலை முழுகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அண்ணிக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. படகோட்டி திலீபன் ஒரு மணல்திட்டில் படகை அணைத்தார். "சுருக்கா வந்துருங்கம்மா. தண்ணி ஏறுனா இந்தத் திட்டு முழுவிடும்," என்றார். அண்ணி செல்போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் புதர்ப்பக்கம் போனார். திலீபன் பீடி பற்றவைக்கத் தள்ளிப் போனார்.

அந்த நேரம் ராஜமாணிக்கத்தின் படகு வந்தது. "அண்ணி எங்ககூட வராங்க. நீங்க முன்னால போங்க," என்றேன்.

"மெதுவாவே வாங்க," என்றார். அவர் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை.

திலீபன் திரும்பியதும், "அண்ணி அந்தப் படகுல வராங்க," என்றேன். பழமலை என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார்.

அடுத்த வளைவில் நீர்நாய்க் குடும்பமே வந்தது. வேர்மேல் ஏறி உட்கார்ந்து மீன் தின்றன. குட்டி ஒன்று தாயின் வாலைக் கடித்தது. நான் அழுதுவிட்டேன், ஐயா. இளகின மனசு.

கரையில் டீ குடித்தோம். ராஜமாணிக்கம் எல்லாருக்கும் இன்னொரு டீ சொன்னார். அண்ணி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. திலீபன்தான் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, கிளாஸை வைத்துவிட்டுப் படகுக்கு ஓடினார்.

அண்ணி மார்பளவுத் தண்ணீரில் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். திலீபனைக் கண்டதும் பேச ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. உங்கள் ஸ்டேஷனின் அடுத்த அறையில் கேட்கிறதே, அவர்தான்.

தண்ணீர் ஏறும் என்று தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். இடுப்பளவு வந்ததும் நானே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். அதற்குமேல் ஒருத்தர் முழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசு வராது, ஐயா. அதனால்தான் கரைக்கு வந்துவிட்டேன்.