பட்டர் பேப்பர் இல்லாத விளக்கு

அலுமினியப் பேசினின் அடியில் ஓட்டை போடுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஓட்டையில் பல்பு ஹோல்டரை மாட்டி, பேசின் வாயில் வெளிச்சத்தை மென்மையாக்கும் பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டினால், கடைக்காரன் கொள்ளை விலை சொல்லும் ஸ்டுடியோ விளக்கு வீட்டிலேயே தயார். பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி ஒட்டடைக் கம்பை நட்டால் அதற்கு ஸ்டாண்டு. என் ஸ்டுடியோவில் காசு கொடுத்து வாங்கியது கேமரா மட்டும்தான்.

எந்த மூஞ்சிக்கும் ஏற்ற வெளிச்சம் ஒன்று உண்டு என்பது என் கட்சி. சிடுமூஞ்சி வக்கீல் ஒருவர் தன் படத்தைப் பார்த்துத் தானே மயங்கிப் போனார். அவர் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லை.

எதிர்ப்பக்கம் தெர்மாகோல் பலகையைப் பிடிப்பவள் என் தங்கை குட்டி. நிழல் விழும் கன்னத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட வேண்டும், சொல்லாமலே செய்வாள். விறைத்து உட்கார்ந்திருப்பவர்களைப் பேச்சுக் கொடுத்தே சிரிக்க வைப்பாள். டீ போடுவாள், பெருக்குவாள். சம்பளப் பேச்சை அவளும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. கூடப் பிறந்தவர்களுக்குள் அதெல்லாம் அசிங்கம்.

அவளுக்கு டிவியில் செய்தி வாசிக்க ஆசை. குரல் இருந்தது, உச்சரிப்பு இருந்தது. முதலில் படம் அனுப்பச் சொன்னார்கள்.

"நல்லா எடுத்துக் குடுண்ணா. உன்னைத்தான் நம்பியிருக்கேன்" என்றாள்.

எல்லோருக்கும் போலத்தான் எடுத்தேன். பட்டர் பேப்பரை மட்டும் கழற்றிவிட்டு, விளக்கைத் தலைக்கு மேலே உயர்த்தினேன்.

"பேப்பர் ஒட்டலையாண்ணா?"

"டிவிக்காரங்க இப்படித்தான் கேப்பாங்க. நீ நேரா பாரு."

வெறும் பல்பு உச்சியிலிருந்து அடித்தால் கண் குழிக்குள் போய்விடும், மூக்கின் நிழல் மீசையாக விழும், பரு ஆறிய தழும்பெல்லாம் எழுந்து நிற்கும். மற்றபடி படத்தில் ஒரு குறையும் கிடையாது, ஃபோகஸ் கச்சிதம்.

பதில் வரவில்லை. அடுத்த சேனலுக்கு இன்னொரு படம்; அதற்கும் வரவில்லை. "என் மூஞ்சி அவ்வளவுதான் போல" என்றாள். நான் மறுக்கவில்லை. முகஸ்துதி எனக்கு வராது. பிறகு கண்ணாடி பார்ப்பதைக் குறைத்துக்கொண்டாள். பலகையைத் தன் முகத்தை மறைத்தாற்போல் பிடிக்கப் பழகினாள். வெளிச்சம் முன்னைவிட நன்றாகவே திரும்பியது.

பலகைக்கும் ஒரு ஸ்டாண்டு செய்துகொண்டு அவளை விட்டிருக்கலாமே என்பீர்கள். செய்யலாம். ஒட்டடைக் கம்பு டீ போடாது.

அவளை அழகாகவும் ஒரு முறை எடுத்திருக்கிறேன். புதுப் பேசினைச் சோதிப்பதற்காக, வாடிக்கையாளர்களுக்கென்று மாட்டி வைத்திருக்கும் கறுப்புக் கோட்டைப் போட்டு உட்கார வைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, அவளுக்குத் தெரியாமலே பக்கவாட்டில் எடுத்துவிட்டேன். அசந்துபோனேன். நான் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். அவளிடம் காட்டாமல் பீரோவில் வைத்தேன்.

போன வாரம் பீரோவைத் துடைத்தவள் கையில் அது சிக்கியது. வெளிச்சத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். தன் பக்கவாட்டு முகம் எப்படி இருக்கும் என்று யாருக்குத்தான் தெரிகிறது?

"யாருண்ணா இவங்க? எவ்வளவு லட்சணமா இருக்காங்க. இவங்க அனுப்பியிருந்தா உடனே எடுத்திருப்பாங்க, இல்ல?"

"ஒரு கஸ்டமர்" என்றேன்.

படத்தைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டாள். வெளியே ஆள் காத்திருந்தார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் பெண். அவள் மனம் புண்படும்படி ஒரு அண்ணன் எப்படிப் பேசுவான்?