நாற்றம் போன மணல்

என் பெயரும் தகப்பனார் பெயரும் நான் ஒப்படைத்த அடையாள அட்டையில் உள்ளபடி. வயது முப்பத்து மூன்று. மேம்பாலத்துக்குப் பின்னால் உள்ள தகரக் கூரை வீடுகளில் கடைசி வீட்டில் கணவருடனும் ஒரே மகளுடனும் குடியிருக்கிறேன். கணவர் கிடங்கில் சுமை ஏற்றுகிறவர். நான் நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு வருடங்களாகத் துப்புரவு வேலை செய்து வருகிறேன். அங்கே என்னை வாளியக்கா என்பார்கள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்கு, காவல் நிலையத்தில், மேற்படி குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கொடுத்த புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. பொதுக்கூட்டத்தில் நாற்பது பேர் முன்னிலையில் நான் அவர் முகத்தில் அடித்ததாகவும், அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்ததாகவும், அசுத்தப் பொருளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்ததாகவும் அதில் உள்ளது. மூன்றும் நடந்தவைதான். அசுத்தப் பொருள் என்றால் நாய்ப் பீ. அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

குடியிருப்பில் ஒன்பது நாய்கள் உள்ளன. காலையில் அவற்றைக் கீழே கூட்டி வருவார்கள். நாய் குனிந்து உட்காரும் நேரத்தில் கூட வந்தவர்கள் செல்போனைப் பார்ப்பார்கள். நாயைப் பார்த்துவிட்டால் எடுக்க வேண்டி வரும். அவர்கள் மேலே போன பிறகு நான் தகரத் தட்டால் வழித்து வாளியில் போடுவேன். கெட்டியாக இருந்தால் தட்டிலேயே வந்துவிடும். இளகிப்போனது தரையில் இழுபடும், அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தினமும் அரை வாளி சேரும். கையுறை கேட்டேன். பழைய பிளாஸ்டிக் பைகளைக் கையில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கட்டிக்கொண்டேன்.

முதல் வருடம் அதைக் குப்பை வண்டியில் போட்டு வந்தேன். அதன் பிறகு குப்பை வண்டிக்காரர் எடுக்க மறுத்தார். "தங்கச்சி, மனுஷன் போட்ட குப்பைய அள்ளவே எனக்கு ரெண்டு கை பத்தல. நாய் போட்டதுக்கு நாயையே அள்ளச் சொல்லு" என்றார். நான் அதைச் செயலாளரிடம் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற பொறியாளர். குடியிருப்பில் எல்லா இடமும் கல் பதித்த தரை. மண் இருப்பது குழந்தைகள் விளையாடும் மணல் தொட்டியில் மட்டும். பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், நடுவில் சறுக்குமரம். அதில் ஒரு மூலையில் தோண்டிப் புதைத்துவிடும்படி சொன்னார். குழந்தைகள் விளையாடுகிற இடமாயிற்றே என்று கேட்டேன். "மண்ணு எல்லாத்தையும் தின்னுடும்மா. பூனையப் பாரு, மூடிட்டு அது பாட்டுக்குப் போகுது. பூனைக்கு இருக்கிற அறிவு நமக்கு வேணாமா?" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறரை மணிக்கு, குழந்தைகள் எழுந்திருக்கும் முன், மணலில் ஒரு முழம் தோண்டிப் புதைத்து மேலே சமப்படுத்தி வந்தேன். நான்கு மூலைகளையும் முறை வைத்துக்கொண்டேன். ஒரு மூலை ஒரு மாதம். நான்கு மாதம் கழித்து முதல் மூலைக்கு வந்து தோண்டும்போது பழையது மணலோடு மணலாகியிருக்கும். முகர்ந்து பார்ப்பேன். நாற்றம் இருக்காது. நாற்றம் போனால் சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன். அதனால் அந்த மணலை வாரி நடுவில் பரப்பிவிட்டு, புதியதை அந்த மூலையில் புதைப்பேன். வாயில் காவலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன வாளியக்கா, இன்னைக்கு விதைப்பு முடிஞ்சுதா?" என்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

இந்த இடத்தில் அதிகாரி, புதைத்தது பற்றிப் புகாரில் எதுவும் இல்லை என்றும், அதை நானாகச் சொன்னால் எனக்கே பாதகமாகும் என்றும் எச்சரித்தார். எழுதிக்கொள்ளும்படி சொன்னேன். புதைத்தது நான்தான். மூன்று வருடம், என் கையால்.

ஒன்றரை வருடத்துக்கு முன் செயலாளர் வீட்டில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி வாங்கினார்கள். அதன் பெயர் பஞ்சு. வந்த இரண்டாவது வாரம் செயலாளரின் மனைவி மாடியிலிருந்து என்னைக் கத்திக் கூப்பிட்டார். போனபோது குட்டி கம்பளத்தில் வாந்தி எடுத்திருந்தது. வாந்தியில் பால் திரிந்த கட்டிகளும், அவற்றுக்கு நடுவே ரப்பர் வளையத்தை அறுத்து நீட்டியது போல வெளிறிய புழுக்களும் கிடந்தன. ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு நெளிந்தன. கம்பளத்தின் மயிரைப் பிடித்துக்கொண்டு ஒன்று தனியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் காகிதத்தில் அள்ளினேன். பதினொன்று இருந்தன. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சோபாவின் மேல் ஏறி நின்றார். குட்டி அவர் காலடியில் நின்று தன் வாயை நக்கியது. அதன் பிறகு அவர் என்னிடம், "யார்கிட்டயும் சொல்லிடாத. அப்புறம் நாயே கூடாதுன்னு கிளம்பிடுவாங்க" என்றார். நான் சொல்லவில்லை. அள்ளியதைக் கொண்டுபோய் அந்த மாத மூலையில் புதைத்தேன். அதற்குப் பிறகும் பல நாள் அந்தக் குட்டியின் பீயில் அதே புழுக்களைப் பார்த்தேன். வேறு ஒரு வீட்டு நாயின் வாலடி மயிரில் அரிசி போல வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருப்பதையும், அவற்றில் சில அசைவதையும் பார்த்திருக்கிறேன். அந்த நாயைக் கட்டிப்பிடித்து அந்த வீட்டுப் பிள்ளை முத்தம் கொடுக்கும்.

என் மகளுக்கு ஆறு வயது. பள்ளி பன்னிரண்டரைக்கு முடியும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அவளை வேலையிடத்துக்குக் கூட்டி வருவேன். வேலைக்காரர்களின் பிள்ளைகள் மதியம் ஒன்று முதல் மூன்று வரை மட்டும் மணல் தொட்டியில் விளையாடலாம் என்று சங்கத்தில் தீர்மானம் இருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் இறங்க மாட்டார்கள். தீர்மானம் போட்டபோது நான் செயலாளருக்கு நன்றி சொன்னேன். மகள் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் மணலை அடைத்துக் கவிழ்த்து, எனக்குக் கேக் செய்து தருவாள். நான் தின்பது போல நடிப்பேன். அவளுக்கு நகம் கடிக்கிற பழக்கம் உண்டு.

ஏழு வாரத்துக்கு முன் பள்ளி ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, பிள்ளை புத்தகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படிக்கிறாள் என்றார். இடது கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையைப் பார்க்கச் சொன்னால், "கரும்பலகை எங்க மிஸ்?" என்று கேட்கிறாள் என்றார். அதன் பிறகு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். மூன்று நாள் பரிசோதித்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். டாக்டர் அம்மா முதலில், வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். குட்டி நாய்கள் திரியும் இடத்தில், மண்ணில், மணலில் விளையாடுவாளா என்று கேட்டார். மகளின் கையை எடுத்து நகங்களைப் பார்த்தேன்.

டாக்டர் அம்மா சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். நாயின் குடலில் உள்ள புழு முட்டையிடும். முட்டை கண்ணுக்குத் தெரியாது. பீயோடு மண்ணில் விழும். அது கையில் ஒட்டி வாய்க்குள் போனால் வயிற்றில் பொரிக்கும். "நாய் வயித்துல அது வளரும். மனுஷ உடம்பு அதோட ஊர் இல்லம்மா. வளரத் தெரியாம, வெளிய போக வழியும் தெரியாம உள்ளேயே அலையும். ஈரல்ல போய் நிக்கலாம், நுரையீரல்ல நிக்கலாம். உங்க பொண்ணுக்குக் கண்ணுல நின்னுடுச்சு" என்றார். வலது கண்ணின் பின்பக்கம் தழும்பு விழுந்துவிட்டதாகவும், அந்தப் பார்வை திரும்பாது என்றும், மற்றக் கண் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அதன் பிறகு நான், நாற்றமே இல்லாத பழைய மணல்தானே என்று கேட்டேன். புதுப் பீயில் இருக்கும் முட்டை உடனே ஒன்றும் செய்யாது என்றும், மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகுதான் தொற்றுவதற்குத் தயாராகும் என்றும், அப்படியே வருடக்கணக்கில் கிடக்கும் என்றும் சொன்னார். நாற்றம் போகும் வரை காத்திருந்து, எடுத்து நடுவில் பரப்பியது நான். அதை நான் டாக்டர் அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

மறுநாள் மணல் தொட்டியில் இரண்டு புட்டி பினாயில் ஊற்றினேன். பினாயிலுக்கு முட்டை சாகாது என்று பிறகு தெரிந்தது. அதன் பிறகு தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினேன். செயலாளர் அவிழ்க்கச் சொன்னார். நான் நடந்ததைச் சொல்லி, மணல் முழுவதையும் மாற்ற வேண்டும், நாய்களுக்குப் புழு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். "எங்க நாய்ங்க எல்லாம் ஊசி போட்டதும்மா" என்றார். ஊசி வெறிநோய்க்கு, இது புழுவுக்கு என்றேன். "நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச? உங்க தெருவுல எத்தன நாய் அலையுது, அங்கேர்ந்து வந்திருக்கும். பஞ்சு எங்க கட்டில்லதான் தூங்குது, எங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றார். அவருடைய மனைவி அருகில்தான் இருந்தார். பதினொரு புழுக்களை என்னோடு சேர்ந்து பார்த்தவர். அவர் பஞ்சுவின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் புதைப்பதை நிறுத்தினேன். வேறு ஒரு ஆளை வைத்துப் புதைத்தார்கள். மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் வழக்கம்போல இறங்கி விளையாடினார்கள். பெற்றோர் இரண்டு பேரிடம் தனித்தனியாகச் சொன்னேன். ஒருவர் செயலாளரிடம் பேசுவதாகச் சொன்னார். மற்றவர், மகளுக்கு இப்படி ஆனதில் உனக்கு மனம் சரியில்லை, லீவு எடுத்துக்கொள் என்றார்.

இன்று காலை பத்து மணிக்குக் கீழ்த்தளக் கூடத்தில் பொதுக்கூட்டம் நடந்தது. நான் பேச வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். கடைசியில் பேசலாம் என்றார்கள். வாயில் கதவுக்கு என்ன நிறம் அடிப்பது என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். அதன் பிறகு டீயும் பிஸ்கட்டும் வந்தன. எழுந்து கலையத் தொடங்கினார்கள். நான் வெளியே போய் இரண்டு வாளிகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். ஒன்றில் இன்று காலை அள்ளிய நாய்ப் பீ. மற்றதில் நான்கு மாதத்துக்கு முந்தைய மூலையின் மணல். முதல் வாளியைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். ஒரு பெண்மணி ஓங்கரித்தார். இரண்டில் எது ஆபத்து என்று சொல்லுங்கள் என்று கேட்டேன். நான் இரண்டாவது வாளியைக் காட்டி, என் பிள்ளையின் கண் இதில்தான் போனது என்றேன்.

அதன் பிறகு செயலாளர் முன்னால் வந்தார். முதல் வாளியை அப்புறப்படுத்தும்படி காவலாளியிடம் சொன்னார். அதன் பிறகு இரண்டாவது வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டு, மணலை அள்ளி, விரல்களுக்கு நடுவே ஒழுகவிட்டு எல்லோருக்கும் காட்டினார். "இதுல என்னங்க இருக்கு? நாத்தம் வருதா? ஆத்து மணல் மாதிரி இருக்கு. இதுக்கா இந்தம்மா இவ்வளவு நாடகம் ஆடுது?" என்றார். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "சார், வேணும்னா வீடே கட்டலாம் போல" என்றார். செயலாளரும் சிரித்தபடி இரண்டு கையையும் தட்டிக்கொண்டார். அவருடைய நக இடுக்குகளில் மணல் இருந்தது. அதே கையால் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். அப்போது நான் அடித்தேன். பிஸ்கட் பறந்தது. கை முகத்தில் பட்டுக் கண்ணாடி விழுந்தது. மிதித்தது யார் என்று தெரியாது.

கேள்வி: கோபத்தில், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அடித்துவிட்டதாக எழுதிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். கோபம் இருந்தது. ஆனால் அடித்தது அதனால் அல்ல. அவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணமும் எனக்கு இல்லை. ஐந்து வாரமாக என் மகள் விரலை வாயருகே கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும் அவள் கையில் அடிக்கிறேன். தூக்கத்தில் கொண்டுபோனாலும் அடிக்கிறேன். அந்த மணல் பட்ட கை ஒரு வாய்க்குள் போவதை இனி என்னால் பார்க்க முடியாது. யார் வாயாக இருந்தாலும் குமட்டுகிறது. என் மகளை அடிப்பது போலத்தான் அவரையும் அடித்தேன்.

கேள்வி: வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா?

பதில்: இருக்கிறது. அந்த மணல் இன்னும் அங்கேயே கிடக்கிறது. ஐந்து மணிக்குப் பிள்ளைகள் இறங்குவார்கள். நான் கையெழுத்துப் போடுவதற்குள் யாராவது காவலாளிக்குப் போன் செய்ய வேண்டும்.

இதுவரை எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. கையெழுத்துக்கு முன் கை கழுவ வேண்டும் என்று கேட்டேன். நிலையத்துக் குழாயடியில் சோப்பு இல்லாததால் ஒன்று வாங்கி வரப்பட்டது. எழுதும்போது பேனாவின் முனையைக் கடிக்கும் வழக்கம் அதிகாரிக்கு இருப்பதால், பேனாவையும் கழுவிக் கொடுத்தேன்.

(கையெழுத்து)

பதிவு செய்த அதிகாரியின் குறிப்பு: மேற்படி நபர் கேட்டுக்கொண்டபடி, குடியிருப்பின் காவலாளியைத் தொலைபேசியில் அழைத்து, மணல் தொட்டியில் யாரையும் விட வேண்டாம் என்று தெரிவிக்கப்பட்டது. நேரம் 4.52. காவலாளியின் பதில்: "இன்னைக்கு லீவு நாள் சார். பசங்க எல்லாம் மூணு மணிக்கே இறங்கிட்டாங்க."