இரண்டாவது தகடு

மைலேஜ் குறைந்தால் எல்லோரும் முதலில் பெட்ரோல் பங்கைத்தான் திட்டுவார்கள். முப்பத்தோரு வருடமாகப் பார்க்கிறேன், சார். டயரில் காற்று பாதிதான் இருக்கும், ஏர் ஃபில்டரில் ஒரு கைப்பிடி மண் இருக்கும், பழி மட்டும் பங்க்காரன் தலையில் விழும். நான் அப்படி அவசரப்பட மாட்டேன். வண்டி உள்ளே வந்ததும் ஓட்டுகிறவரை உட்காரவைத்துப் பேச விடுவேன். பாதி நோய் அவர் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

நீங்கள் விபத்து வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி, உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. என் பட்டறை மேஜைமேல் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தத் தகட்டைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே கோர்வையாக வரும்.

எனக்கு ஒரே பெண். அவள் அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர், இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். நான் பட்டறையிலிருந்து வந்து கை கழுவும்போது, கிரீஸ் போக இன்னொரு தடவை கழுவச் சொல்லி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். கல்யாணம் ஆகி ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போனாள். முதலில் வாரா வாரம் வந்தார்கள். பிறகு மாதம் ஒருமுறை. அப்புறம் போனில் மட்டும். கையை ஒரு தடவையே கழுவிவிட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தாங்கவில்லை. அதை ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லை.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி குத்துவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிற ஆள். வண்டியும் அப்படித்தான் ஓட்டுவார். எதிரில் பூனை வந்தால்கூட வழிவிட்டு நிற்பார். நான் அவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தேன். அவரும் சிரித்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள்.

"மாமா, கார் இழுக்கவே மாட்டேங்குது. முன்ன லிட்டருக்குப் பதினெட்டு குடுத்துச்சு, இப்ப பதினாலுதான் வருது" என்றார்.

அன்றைக்கு நிஜமாகவே கோளாறு இருந்தது. ஃபில்டர் அடைத்திருந்தது, ஸ்பார்க் பிளக் இரண்டு கருத்திருந்தன. ஒரு மணி நேர வேலை. சாயங்காலம் வரை இழுத்தேன். என் பெண் சமைத்தாள். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். அடுத்த ஞாயிறும் வந்தாள், வண்டி பறக்கிறது என்று சொல்வதற்காக. அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. வண்டிதான் நன்றாக ஓடுகிறதே, எதற்கு வர வேண்டும்? அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது ஆயில் மாற்றுவதாகச் சொல்லி வண்டியைத் தூக்கி நிறுத்தினேன். இன்ஜினிலிருந்து வரும் புகைக்குழாய் சைலன்சர் குழாயோடு சேரும் இடத்தில் நான்கு போல்ட் இருக்கும். நடுவே ஒரு தகட்டை வைத்து முடுக்கினேன். தகட்டின் நடுவில் இரண்டு விரல் நுழைகிற அளவு ஓட்டை. புகை வெளியேற வழி குறைந்தால் புதுக் காற்று உள்ளே வராது. வண்டிக்கு மூச்சு முட்டும். அது நகர ஆக்சிலேட்டரை மேலும் அழுத்துவார்கள், பெட்ரோல் கரையும். ஆபத்தான வேலை என்று நான் நினைக்கவில்லை. சமதரையில் மெதுவாகப் போகிறவருக்கு அது ஒன்றும் செய்யாது.

பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவதுபோல அவர்கள் முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். டயர் காற்று பார்ப்பேன். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றி, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று காட்டுவேன். பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழுவுவேன். ஒரு ஞாயிறு தகட்டை எடுப்பேன், கொஞ்ச நாள் நன்றாக ஓடும். இன்னொரு ஞாயிறு மாட்டுவேன். மாப்பிள்ளை ஒருமுறை எனக்குத் தெரியாமல் பெரிய சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கம்ப்யூட்டர் கீழே குனிந்து பார்க்காது.

கடைசியில் என் பெண்ணே கேட்டாள். "அப்பா, வண்டியிலதான் ஒன்னும் இல்லையே. பின்ன ஏன் இப்படி?"

"எல்லாம் ஓட்டுற கால்லதாம்மா இருக்கு" என்றேன். "மாப்ள ஆக்சிலேட்டர ரொம்ப அழுத்துறாரு."

ஆமையைப் பார்த்து அப்படிச் சொன்னேன். அவரும் நம்பிவிட்டார். அன்றிலிருந்து ஆக்சிலேட்டரில் கால் வைக்கவே பயந்து பயந்து ஓட்டினார் என்று பிற்பாடு என் பெண் சொன்னாள். வீட்டில் இதனால் சண்டையும் வந்ததாம். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

விபத்துக்கு மூன்று நாள் முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடும்போது சொன்னாள். மலைக்கு அந்தப்பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. புதன்கிழமை வீடு பார்க்கப் போகிறார்கள்.

"எட்டு மணி நேரந்தாம்ப்பா. லீவுக்கு லீவு வந்துடுவோம்" என்றாள்.

எட்டு மணி நேரம்.

"மலையேறப் போறீங்க, வண்டிய ஒரு தடவ பாத்துடுறேன்" என்றேன். மாப்பிள்ளை நன்றி சொன்னார். பழைய தகட்டை எடுத்துவிட்டு இதை மாட்டினேன், இந்த உறையில் இருப்பதை. இதன் ஓட்டையில் என் கட்டைவிரல் மட்டும்தான் நுழையும். ஏற்றத்தில் வண்டி திணறி நின்றுவிடும், இந்த வண்டியை வைத்துக்கொண்டு அங்கே குடித்தனம் பண்ண முடியாது என்று திரும்பி வந்துவிடுவார்கள். அவ்வளவுதான் நான் நினைத்தது. யாரையும் கொல்ல நினைக்கவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வண்டி நிற்கவில்லை. அதுதான் நான் எதிர்பார்க்காதது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதி மலை ஏறியிருக்கிறது. முன்னால் ஒரு லோடு லாரி ஊர்ந்துகொண்டிருந்ததாம். பின்னால் ஹாரன் அடித்திருக்கிறார்கள். தாண்ட வலப்பக்கம் ஏறிய பிறகு வண்டி முன்னேயும் போகவில்லை, பின்வாங்கவும் இடமில்லை. எதிரில் பேருந்து வந்துவிட்டது. மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். என் பெண்ணுக்குக் கை மட்டும் முறிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான்தாம்ப்பா அழுத்துங்க, போயிடலாம்னு சொன்னேன். அவர் வேணாம்னுதான் சொன்னாரு."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "விடும்மா, உன் மேல தப்பில்ல. எங்க அழுத்தணும், எங்க விடணும்னு அவருக்குக் கடைசி வரைக்கும் பிடிபடல" என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

இப்போது அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். அதிகம் பேசுவதில்லை. சாப்பிடுகிறாளா என்றும் சொல்ல முடியாது, தட்டு மட்டும் கழுவி வைத்திருக்கும். ஆனால் நான் கை கழுவும்போது உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்கிறது.

நேரமாகிறதா? ஸ்டேஷனுக்குக் கிளம்பலாம் சார், பட்டறையைப் பூட்டிவிட்டு வருகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். கட்டுப் பிரித்துவிட்டார்கள், மாமியார் தனியாக இருக்கிறார், அங்கே போய் இருக்கப் போகிறேன் என்று முந்தாநாள் சொன்னாள். மாப்பிள்ளையின் ஸ்கூட்டர் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. நேற்று சாயங்காலம் அதைப் பார்த்துக் கொடுத்தேன். சின்ன சைலன்சர், தகடு வெட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதை எடுத்துக்கொண்டு தூரமாக எங்கும் போக வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். இழுவை கொஞ்சம் குறைவாக இருக்கிறது, அப்பா வந்து பார்ப்பார் என்று சொல்லுங்கள்.