போஸ்ட்மாஸ்டர் மகனின் இடம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வக்கீல் நமச்சிவாயம் பிள்ளை அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! எதிரே அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அன்பர்களே! வெயிலுக்கு ஒதுங்கி வாசல்படியில் நின்றபடி, ‘உள்ள யாருக்குக் கூட்டம்?’ என்று விசாரித்துக்கொண்டிருக்கும் கனவான்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாளாக நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரிகிறேன். ‘அச்சாபீஸ் குற்றாலநாதன் அப்படியே ஒடிந்துபோனான், வெளியே முகம் காட்ட முடியாமல் அழுகிறான்’ என்று ஊர் பேசுகிறது. அந்தப் பெருமையை வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் துண்டைப் பிடித்துக்கொண்டு சொற்பொழிவு ஆற்ற முடியாது. இதோ எடுக்கிறேன். பாருங்கள். வலது பக்கம் மீசை இருக்கிறது. இடது பக்கம் இல்லை.

நரை கண்டுவிட்டதே, எடுத்துவிடலாம் என்று சவரக்காரர் செல்லச்சாமியிடம் போய் உட்கார்ந்தேன். பாதி எடுத்தாயிற்று. அப்போது தெருவில் ஒரு குரல்: “போஸ்ட்மாஸ்டர் அண்ணாச்சி போயிட்டாக!” செல்லச்சாமி கத்தியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

“ஏ செல்லச்சாமி, பாதியிலயா போற?” என்றேன்.

“அவுக மட்டும் முழுசாவா போனாக?” என்றார். போய்விட்டார்.

அண்ணாச்சியின் காரியங்கள் முடியும்வரை இன்னொரு முகத்தில் கத்தி வைக்க மாட்டாராம். வேறு ஆளிடம் போனால், ‘செல்லச்சாமி தொட்ட முகத்தை நான் தொட மாட்டேன், அது எங்களுக்குள்ள மரியாதை’ என்கிறார். எனக்கோ சொந்தமாகச் சவரம் செய்யத் தெரியாது. ஆகவே, இந்த அரை மீசையோடுதான் ஒரு முழு மனிதரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தில்லைநாயகம் பிள்ளை! யுத்தவீரர் குடும்பக் கல்விச் சபையின் நிறுவனர், தலைவர், மூட்டை தூக்குபவர், வாசல் கூட்டுபவர்! அவரை இந்த வட்டாரத்தில் அறியாதவர் உண்டா? உண்டு. இப்போது நிறையப் பேர் உண்டு. நேற்று ஒரு பஞ்சுக்கடை முதலாளியிடம் போய், ‘சபையை நீங்கள்தான் தாங்க வேண்டும்’ என்றேன். “எந்த யுத்தத்தைச் சொல்லுதீரு?” என்று கேட்டார். யுத்தம் முடிந்து எட்டு வருஷம்கூட நிறையவில்லை!

அந்த யுத்த காலத்தில் இந்த ஊர்த் தபாலாபீஸில் போஸ்ட்மாஸ்டராக இருந்தவர் அண்ணாச்சி. பட்டாளத்திலிருந்து கெட்ட தந்தி வந்தால் அதைச் சேவகனிடம் கொடுத்து அனுப்ப மாட்டார். தாமே சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். ராயகிரிக்கும் போவார், குருவிகுளத்துக்கும் போவார். அந்தச் சைக்கிள் தெருவுக்குள் நுழைந்தால் வரிசையாகக் கதவு சாத்துவார்கள். ‘அடுத்த வீட்டுக்குப் போங்கய்யா, அடுத்த வீட்டுக்குப் போங்க’ என்று உள்ளேயிருந்து ஒரு தாய் கத்தினாளாம். அடுத்த வீட்டிலும் ஒரு தாய்தானே இருப்பாள்? அண்ணாச்சி அந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம், கதவு திறக்கிற வரைக்கும்.

ஓய்வு பெற்றார். வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தாரா? இல்லை! அதே சைக்கிளில் அதே வாசல்களுக்குப் போனார். ‘உன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, ஆகிறதை நாங்கள் பார்க்கிறோம்’ என்று சொல்லப் போனார். சைக்கிளைக் கண்டதும் அவர்கள் மறுபடியும் கதவைச் சாத்தினார்கள்! பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தந்தி கொண்டுபோன நாளில் அவர் மணி அடித்ததே இல்லை. இப்போது தெருமுனையிலிருந்தே மணியை அடித்துக்கொண்டு போனார். மணி கேட்டால் படிப்பு. கேட்காவிட்டால் சாவு. நாய்கூடக் கற்றுக்கொண்டது.

சபைக்கு வருமானம்? ஆடித் தபசுக்குக் கூட்டம் கூட்டமாக வந்து, விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும், ஒற்றைக்காலில் தவமிருக்கும் அம்மனின் சப்பரத்தை நோக்கி வீசுகிறீர்களே, அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். கரிவலம்வந்தநல்லூர்க்காரர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

“சாமிக்குக் கொண்டாந்ததை நீரு வாங்குதீரே, வெக்கமா இல்லையா வே?”

“அம்மா ஒத்தைக்கால்ல நிக்கா. நான் ரெண்டு கால்லயும் நிக்கேன். எனக்கு வலி கூடத்தான? ஒரு கை போடும்.”

போட்டார்! அந்தச் சாக்கின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அடியேன். வத்தல் நெடியில் தும்மித் தும்மி, சாமி கும்பிட வந்தவர்கள்மேல் எல்லாம் தீர்த்தம் தெளித்த பாவி.

சபை தொடங்கிய அன்று இதே மண்டபத்தில் அண்ணாச்சி பேசியது மிகச் சுருக்கம். “எனக்கு ஒரே மகன். கோமதிசங்கர். பர்மாவுக்குக் கொடுத்துட்டேன். வேற என்ன சொல்ல?” அவ்வளவுதான். நாங்கள் எழுந்து மௌனமாக நின்றோம். ஊர்க்கதை ஒன்றையும் விட்டுவைக்காத நான், அந்தக் கதையை மட்டும் கிளறவில்லை. வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு அவரும் மதினி காந்திமதியம்மாளும் பாபநாசம் பஸ்ஸில் ஏறுவதைப் பார்ப்பேன். மகனுக்குத் தர்ப்பணம் செய்யப் போகிறார்கள் என்று குடையை மடக்கி நின்றுகொள்வேன்.

அன்றே சபைக்கு விதி எழுதினோம். விதி எழுதியவர் நம் வக்கீல் அவர்கள். ‘போரில் உயிர்நீத்த வீரர் ஒருவருக்கு ஓர் இடம். அந்த இடத்தில் ஒரு பிள்ளை படிக்கலாம்.’ காணாமல் போனவன், கூப்பிட்டும் வராதவன், அக்கரையிலேயே தங்கிவிட்டவன் கணக்கில் கிடையாது. சேர்த்தால் ஓடிப்போனவன் குடும்பமெல்லாம் வாசலில் நிற்கும் என்றார் வக்கீல். கை தட்டினோம். அண்ணாச்சி தட்டினாரா என்று நான் பார்க்கவில்லை.

பிறகு ஒருநாள் ராயகிரியிலிருந்து வள்ளித்தாய் வந்தார். அதோ, தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருப்பது அவர் மகள் மாரித்தாய். கணவர் பர்மாப் போர்முனையில் காணாமல் போனவர். பெண்ணோ படிப்பில் நெருப்பு. மேலே படிக்கப் பாளையங்கோட்டை விடுதிக்குப் போக வேண்டும். ஆடு மேய்த்து அது நடக்குமா?

வக்கீல் கேட்டார்: “ஏம்மா, உம் புருஷன் இருக்கானா, செத்துட்டானா?”

“தெரியாதுய்யா.”

“தெரியாதுன்னா எங்க விதியில எடமில்லையே. கழுத்துல தாலி கெடக்கு. நெத்தியில பொட்டு இருக்கு. நாங்க என்னன்னு எழுத?”

“இதைக் கழத்தி வச்சா எம் மகளுக்குப் படிப்பு. கழத்தலன்னா இல்ல. அப்படித்தானய்யா?”

வக்கீல் விதித்தாளைப் புரட்டினார். அந்த அம்மாளே பேசினார். “நாளைக்கு அவரு வந்து வாசல்ல நின்னு, ‘ஏட்டி, என்னைய எதுக்குக் கொன்ன’ன்னு கேட்டா என்ன சொல்லட்டும்? பிள்ளை படிக்கட்டும்னு கொன்னேன்னு சொல்லவா?”

எனக்கு வாய் சும்மா இருக்குமா? பக்கத்தில் இருந்தவரிடம், ‘அந்த ஆள் ரங்கூனில் வேறு குடித்தனம் வைத்திருப்பதாகக் கேள்வி’ என்று மெதுவாகச் சொன்னேன். என் மெதுவு உங்களுக்குத் தெரியும். அது கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

வள்ளித்தாய் என் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது. “அப்படியாய்யா? உயிரோட இருக்காராமா? யாரோடயும் இருந்துட்டுப் போறாரு. உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்!”

அன்பர்களே, என் வாய்க்கு ஊரில் எவ்வளவோ போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை போடணும் என்றது அந்த ஒரு அம்மாள்தான்.

அப்போது அண்ணாச்சி தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “எம் மகன் எடம் ஒண்ணு காலியாத்தான கெடக்கு. அவனுக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்த எடத்துல இந்தப் பிள்ளையை எழுதும்.” வக்கீல், ‘விதிப்படி சரி’ என்றார். எழுதினோம். எத்தனை பெரிய மனசு! கூட்டம் கலைந்த பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. தேரடியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். “என்ன அண்ணாச்சி?” என்றேன். “வீட்டுல ஒரு பதில் சொல்லணும்லா வே குத்தாலம். அதான் யோசிக்கேன்” என்றார். செலவுக்கு மதினியிடம் பயப்படுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

மாரித்தாய்க்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, எஸ்.எஸ்.எல்.சி. எழுத. அண்ணாச்சி அதைப் பார்த்தாரா? இல்லை. மூன்று நாள் முன்பு சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பகலிலேயே எடுத்திருக்கலாம். மதினிதான், ‘ரயில் வரட்டும்’ என்றார்கள். பட்டணத்து உறவு யாரோ வருகிறார்கள் போலும் என்று காத்திருந்தோம். ரயில் வந்தது. யாரும் வரவில்லை. தங்கை மகன் கொள்ளி வைத்தார்.

இனி இந்தச் சபை என்னவாகும்? உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? மழை பொய்த்துப் பருத்தி இல்லை. சாக்கு விரித்தால் தூசிதான் விழும். சபையில் படித்துத் தேறிய குருவிகுளம் ஆறுமுகச்சாமி, வேலை கிடைக்காமல் ஆடு மேய்க்கிறான். ஆடுகள் இங்கிலீஷுக்குத் திரும்பிப் பார்க்கின்றன. விதி எழுதிய நாளில் கையெழுத்துப் போட்டவர்களில் மிச்சம் வக்கீலும் நானும். அவருக்கு ரத்தக்கொதிப்பு. எனக்கு அரை மீசை. எங்களை நம்பியா நாட்டுக்கு உயிர் கொடுத்தார்கள்?

ஆனாலும் உறுதிமொழி இல்லாமல் இரங்கல் கூட்டம் முடியக்கூடாது. இன்று காலை கமிட்டி கூடித் தீர்மானம் போட்டிருக்கிறது. புதிதாக இடம் கொடுக்க வழியில்லை. இருக்கிற இடங்களை மட்டும், தலைவர் விட்டுச்சென்ற விதிப்படியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் காப்போம். அதுவே அவருக்கு அஞ்சலி! தலைவரே போய்விட்டாரே, மாரித்தாய் இடம் நிற்குமா என்று ஒருவர் கேட்டார். “அது தலைவர் எடம் இல்லை வே, மகன் எடம். செத்தவன் இனி மாறவா போறான்? அது நிலைச்ச எடம்” என்றார் வக்கீல். கைதட்டல்! கோமதிசங்கர் பெயர் இருக்கும்வரை அந்தப் பெண் படிப்பாள். தகப்பன் பெயரையும் மகன் பெயரையும் கல்லில் வெட்டி இந்த மண்டப வாசலில் பதிப்பதாகவும் முடிவு. தீர்மானத்தில் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். கூட்டத்தில் சொல்லச் சொன்னது மதினிதான். சொல்லாவிட்டாலும் என் வயிற்றில் ஒன்றும் தங்காது என்பது நீங்கள் அறிந்ததே.

கல்லில் வெட்டுவதற்காக, மகனுடைய திதி எது என்று கேட்கப் போனேன்.

“திதியா? யாருக்கு?” என்றார்கள்.

“வருஷா வருஷம் பாபநாசம் போவீகளே மதினி.”

“போவோம். ஆத்துல குளிப்போம். சாமி கும்பிடுவோம். கிளப்புக் கடையில இட்லி தின்னுட்டு வருவோம். எள்ளும் தண்ணியும் ஒருநாளும் இறைச்சது கிடையாது. கல்லுல அவன் பேரை வெட்டிராதேயும். வந்து பாத்தான்னா என்ன நெனப்பான்?”

அந்த வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தந்திதானாம். அதில், ‘காணவில்லை’ என்று மட்டும்தான் இருந்ததாம்.