எத்தனை கிளைக் கொம்பு

இன்னும் கிட்ட வந்து உக்காருங்க தம்பி. அங்க சன்னலோரம் ஒழுகும். இந்தப் பெஞ்சுல அடுப்புக்கு முதுகக் காட்டிட்டு உக்காந்தா கோட்டு காஞ்சிரும். புதுக் கோட்டுதானே? பித்தான்ல இன்னும் கடை நூல் தொங்குது. பூட்ஸ் மட்டும் பழசு. ரெண்டு தரம் அடி மாத்துன பூட்ஸ். வாசல்ல நீங்க கழட்டுனதும் எங்கண்ணு மொதல்ல அங்கதான் போச்சு. ஐயோ, குத்தமாச் சொல்லலை. பழைய பூட்ஸ்தான் காலக் கடிக்காது.

எங்க விட்டோம்? ஆமா, மேப்பு. விரிங்க, தட்ட நகத்திக்கிறேன். அடேயப்பா, செவப்புப் பென்சில்ல என்னென்னவோ கோடு. மொத மொதல்ல வேட்டைக்குக் கெளம்புற மனுசன், ஒரே மூச்சுல ஆறு நாடா? எம்புருஷன் நாப்பது வருஷம் துப்பாக்கி தூக்குனாரு. இந்தப் பள்ளத்தாக்கத் தாண்டுனது ஒரே ஒரு தடவ, அதுவும் பல்லு புடுங்க.

ஆகஸ்ட்ல ஸ்காட்லாந்து, மான். செப்டம்பர்ல ஸ்வீடன், குதிரை ஒசரத்துக்கு நிக்குமே அந்தப் பெரிய மான். அக்டோபர்ல ஹங்கேரி. நவம்பர்ல ஸ்பெயின், வரையாடு. டிசம்பர்ல போலந்து, காட்டுப்பன்னி. நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க. எங்க மலை மேல மட்டும் தேதி போடல, வெறும் வட்டம். இன்னும் முடிவு பண்ணலையா? சரி சரி. அதான் ஜூன்லயே எடம் பாக்க வந்துட்டீங்க.

சூப்பக் குடிங்க, ஆறுது. ஈரல் உருண்டை, நானே உருட்டுனது.

மேல் குடிசையா? அதான் வந்ததுலேர்ந்து மூணு தடவ கேட்டுட்டீங்களே. வழி தெறந்தாச்சு தம்பி, போன வாரந்தான் பனி விட்டுச்சு. பூட்டெல்லாம் கெடையாது. மாடு மேய்க்கிறவங்களுக்கு வைக்கோல் போட்டு வச்சிருப்போம், படுத்துக்க. மழை விடட்டும், நானே கை காட்டி விடறேன். எனக்கு ஒண்ணுதான் வேடிக்கையா இருக்கு. இந்த மேசையில எத்தனையோ கன்னி வேட்டைக்காரங்க உக்காந்திருக்காங்க. எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணேதான். குளிருமா, குறி தப்புனா சிரிப்பாங்களா, கொம்பு எம்மாம்பெருசு இருக்கும். நீங்க மிருகத்தப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. குடிசைய மட்டும் கேக்குறீங்க. ராத்தங்கவா? ஓ. நல்ல யோசனைதான்.

அது பூனை. சாமான் ரூமுல மாவுப் பானைய உருட்டுது. விடுங்க.

ஒரு கிளாஸ் ஊத்தட்டுமா? பைன் காயப் போட்டு ஊற வச்ச சாராயம். நெஞ்சுல இருக்குற ஈரங்கூடக் காஞ்சிரும். ம், நல்லா வாழ்க. கொஞ்சம் நெறையவே ஊத்திட்டேன், எடக்கையில வழியுது பாருங்க. இந்தாங்க துணி.

இந்த வீடா? இல்ல தம்பி, எங்களுதில்ல. வேலையோட வந்த வீடு. மலை முழுக்க முதலாளிக்குச் சொந்தம், மிருகத்தப் பாத்துக்கிற வேலை எங்க குடும்பத்துக்கு. மொதல்ல எம்புருஷன், அப்புறம் எம்மவன் வெண்டலின். இந்த மாசக் கடைசியில காலி பண்ணணும். ஏன்னா? நல்லாக் கேட்டீங்க. போன செப்டம்பர்ல நடந்தது நீங்க பேப்பர்ல பாத்திருக்க மாட்டீங்க. பாத்தீங்களா? அப்ப பாதி தெரியும்.

மேல ஒரு கலைமான் இருந்துச்சு. பன்னெண்டு வருஷமா எம்மவன் அதக் கண்ணுல வச்சுப் பாத்தான். ஒருத்தரையும் சுட விடல. அது வயசாகித் தன் வம்சத்த நிறுத்திட்டுப் போகட்டும்னு இருந்தான். அது கத்துற காலத்துல கீழ இந்த அடுப்பங்கரையில தட்டு அதிரும். ஒரு நா கத்தல் நின்னுபோச்சு. மூணாம் நா மேல போயிப் பாத்தா, ஒடம்பு கெடக்கு, தல இல்ல. கறியத் தொடக்கூட இல்ல. கொம்புக்காகக் கழுத்தோட அறுத்துட்டுப் போயிட்டான் பாவி. பன்னெண்டு கிளைக் கொம்பு.

என்ன? பதினாலா?

இருக்கும் தம்பி. எனக்கு எண்ணிக்கையில எப்பவும் தகராறு. மூணாங் கிளாசோட பசு மேய்க்கப் போனவ நான். பதினாலுன்னே வச்சுக்குவோம்.

அது கெடக்கட்டும். அதோட விலாவுல ஒரு பைன் கொப்பு கெடந்துச்சு. உங்களுக்குத் தெரியாதுல்ல, சொல்றேன். எங்க பக்கம் ஒரு மிருகத்த அடிச்சா, பக்கத்து மரத்துல ஒரு கொப்ப ஒடிச்சு அது மேல வைக்கணும். கத்தி படக் கூடாது, கையாலதான் ஒடிக்கணும். ஆண் மிருகமுன்னா ஒடிச்ச முனை தலையப் பாத்திருக்கணும். அதுக்கு நாம குடுக்குற மரியாத. அந்தத் திருடன் அப்படியே வச்சிருந்தான். தல இருந்த எடத்தப் பாத்து ஒடிச்ச முனை. தலையத் திருடிட்டு, தலைக்கு மரியாத.

அதுலதான் எம்மவன் மாட்டுனான். டவுன் திருடன் கொப்பு வைப்பானா, கேட்டாரு முதலாளி. இது இந்தத் தொழில்ல வளந்த கை, அந்த மான் எங்க படுக்குமுன்னு தெரிஞ்ச கைன்னாரு. அப்படி ஒரு கை இந்த மலையில ஒண்ணுதானே இருந்துச்சு. லைசென்ஸப் புடுங்கிட்டாங்க. இப்ப மரம் அறுக்குற மில்லுல லாரி ஓட்டுறான். சாராயக் கடைக்குப் போனா பெரிய மேசையில கேக்குறாங்களாம், என்னப்பா வெண்டலின், தல சௌக்கியமா, எந்த ஊருல எந்தச் சொவத்துல தொங்குதுன்னு. சிரிக்கிறாங்களாம். அவன் இப்ப அங்க போறதில்ல. இங்கதான் உக்காந்து கையப் பாத்துட்டு இருப்பான்.

மழை எங்க விட்டுச்சு, உக்காருங்க. இன்னும் வழியே சொல்லலையே.

அந்த செப்டம்பர் கடைசியில பாத்தீங்கன்னா, என்னைக்கும் இல்லாத பனி. ஒரே ராத்திரியில மேல் பாதை மூடிப்போச்சு. அதுக்கப்புறம் எட்டு மாசம் ஒரு ஈ காக்கா மேல போகல. அப்ப நான் ரொட்டிக்கு மாவு பெசஞ்சுக்கிட்டே யோசிச்சேன். பனிக்கு முன்னாடி அம்மாம்பெரிய தலைய எங்க வாசல் வழியா, எங்கண்ணுல படாம ஒருத்தன் தூக்கிட்டு எறங்கியிருப்பானா? எறங்கலைன்னா அது எங்க?

மொத ஆளா நான்தான் போனேன். பாதை தெறந்த அன்னிக்கு, தொடப்பத்தக் கையில எடுத்துட்டு. வருஷா வருஷம் குடிசையக் கூட்டப் போறவதானே, யாரு கேப்பா. வைக்கோலக் கெளறுனா, நாத்தம். அப்புறம் கொம்பு.

என்ன தம்பி, ஒரு மாதிரி ஆயிட்டீங்க? ரொட்டி ஒரு துண்டு வைக்கட்டுமா?

எம்மவங்கிட்ட நான் சொல்லல. சொன்னா துள்ளிக் குதிச்சு முதலாளிகிட்ட ஓடுவான். அவரு என்ன சொல்வாரு? உன் குடிசையில, உன் வைக்கோலுக்கடியில, நீயே ஒளிச்சு வச்சதுன்னுவாரு. கொம்பு கெடச்சதால எம்மவன் தப்பிக்க மாட்டான் தம்பி, இன்னும் நல்லா மாட்டுவான். கொம்பு பத்தாது. அதத் தேடி வர்ற ஆளு வேணும். வருவான்னு தெரியும். பனி விட்டா வருவான். இந்த வீட்டத் தாண்டாம மேல போக வழி இல்ல. அதனால வர்றவங்க எல்லாரையும் கூப்புட்டு இதே பெஞ்சுல உக்கார வச்சு சூப்பு ஊத்துறேன். நீங்க நாலாவது ஆளு.

இன்னொரு கிளாஸ்? கூச்சப்படாதீங்க. நல்லா வாழ்க.

பாத்தீங்களா, மறுபடியும் எடக்கை.

வலது கை வலிக்குதான்னு கேக்கலாம்னு பாத்தேன். வலிச்சா வலது கையில ரொட்டி புட்டிருக்க மாட்டீங்க. வேட்டைக்காரங்கதான் தம்பி கிளாஸ எடக்கையில தூக்குவாங்க, அது இந்தத் தொழிலோட வழக்கம். எம்புருஷன் சாகக் கெடந்தப்ப மருந்துக் கிளாஸக்கூட எடக்கையிலதான் வாங்குனாரு. முன்னால வந்த மூணு பேரும் வலது கையில குடிச்சாங்க. அவங்களுக்கு நெசமாவே மொத வேட்டை. கோட்டக் கடையில வாங்கிரலாம். கையப் புதுசா வாங்க முடியுமா?

எங்க அவசரம்? உங்க காருக்குப் பின்னாடி லாரி நிக்குதே. வெண்டலின் லாரிதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன், மாடியில தூங்குறான். எதுக்கு அங்க நிறுத்தச் சொன்னேன்னு அவனுக்கே தெரியாது. எழுப்புறேன், கொஞ்சம் பொறுங்க.

எடக்கை மட்டும் ஒரு சாட்சியான்னு நீங்க கேப்பீங்க. அதேதான் அவரும் கேட்டாரு. யாரா? சொல்றேன். பேப்பர்ல பன்னெண்டு கிளைன்னுதான் போட்டிருந்தான். முதலாளியும் பன்னெண்டுன்னுதான் சொன்னாரு. எம்மவன் தூரக்கண்ணாடியில பன்னெண்டு வருஷம் பாத்தும் பன்னெண்டுன்னுதான் நெனச்சிருந்தான். பின்னால, மேல் கவட்டுல, எங்கட்டைவிரல் மொத்தத்துக்கு ரெண்டு குட்டிக் கிளை இருக்கு. அந்தத் தலையக் கையில ஏந்துனாத்தான் தெரியும். ஏந்துனது உலகத்துல ரெண்டே பேரு. ஒண்ணு நான்.

அது பூனையில்ல தம்பி. இந்த வீட்டுல பூனையே கெடையாது. கீழ் போலீஸ் ஸ்டேசன் எர்ஹார்ட் அய்யா. காலையில உங்க காரு பாலத்தத் தாண்டுனதுமே கெளம்பி, நீங்க காரவிட்டு எறங்கி அக்கம் பக்கம் சுத்திப் பாத்துட்டு வர்றதுக்குள்ள பால் வண்டியில வந்து எறங்கிட்டாரு. மாவு மூட்ட மேல உக்காந்திருக்காரு, நான் மேலேர்ந்து கொண்டாந்து வச்ச அந்தத் தலைக்குப் பக்கத்துல. கதவு ஒரு விரக்கடை தெறந்துதான் இருக்கு.

அய்யா, வெளிய வாங்க, சூப்பு இருக்கு. நோட்டையும் கையோட எடுத்துட்டு வாங்க.

மொதத் தடவ சொன்னப்ப அவருக்குச் சரியாக் கேட்டிருக்காது தம்பி, வலது காது கொஞ்சம் மந்தம். அவர் எழுதிக்கணும். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எத்தனை கிளை?