இரண்டாவது கியர் இருந்த இடம்

சின்னக் காருக்கு நீளமான கியர் கம்பி எடுப்பாக இருக்காது, மச்சான். துடைப்பத்தை நட்டுவைத்த மாதிரி இருக்கும். காரை விற்க எடுத்துப்போனபோது டிக்கியில் கிடந்த குட்டைக் கம்பி எதற்கு என்று கேட்டீர்கள். சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தங்கை பிசியோதெரபிஸ்ட். படுத்துக் கிடப்பவர்களை வீடு தேடிப்போய் நடக்கவைப்பவள். கார் வாங்கும்வரை என் பைக்கின் பின்னால்தான் போய்வந்தாள். வாங்கிய பிறகு என்னை எதற்கும் கூப்பிடவில்லை. ஒருநாள் நானே கொண்டுபோய் விடட்டுமா என்றேன். "நீங்க தூங்குங்க, நான் போய்ட்டு வந்துடுறேன்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் உறைத்தது.

கை லேசாக அசைந்தாலே கியர் விழவேண்டும் என்றுதான் எல்லாரும் குட்டைக் கம்பி வாங்குகிறார்கள். நான் தேடிப்பிடித்தது உயரத்தையும் கியருக்குக் கியர் அது நகரும் தூரத்தையும் திருகி மாற்றிக்கொள்ளும் வகை. பழைய குமிழையும் தோல் உறையையும் அதன்மேலேயே மாட்டினேன். பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவளிடம் சொல்லவும் இல்லை. அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ஒரு திருகு. ஒருநாள் கூட்டி, மறுநாள் குறைத்து. கை பழகுவதற்கு முன் மாற்றிவிட வேண்டும், அதில்தான் கவனம் தேவை.

"என்னங்க, நேத்து செகண்ட் இங்கதானே இருந்துச்சு?"

"அதுக்குக் கால் முளைச்சிருக்கும்டி, தேடிப் பாரு."

சிரித்தாள். அடுத்த வாரம் சிரிக்கவில்லை. ஏற்றத்தில் இரண்டாவது என்று நினைத்து நான்காவதைப் போட்டாள். வண்டி இருமி நின்றது. பின்னால் வந்தவன் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போனான்.

மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று சொன்னதும் நான்தான். அதற்கு முன் பழைய கம்பியை மாட்டிவிட்டேன். அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "வண்டி வெண்ணெய் மாதிரி போகுது மேடம். உங்க கையத்தான் சர்வீஸுக்கு விடணும்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

உங்கள் அம்மாவுக்கு நோய் கையில்தான் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். திரும்பும்போது நான் ஓட்டினேன். அவள் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். மறுநாள் காலை குட்டைக் கம்பியை மறுபடி மாட்டினேன்.

டாக்டர் ஸ்கேன் எல்லாம் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

"அம்மாவுக்கும் முதல்ல இப்படித்தான் சொன்னாங்க" என்றாள்.

நான் மறுக்கவில்லை. உண்மையைப் போய் எப்படி மறுப்பது? நடக்கப் பழகுகிறவர்களைக் கைதவறிக் கீழே விட்டுவிடுவேனோ என்று பயந்து வேலையை விட்டாள். காரை விற்கச் சொன்னதும் அவளேதான். நான் வற்புறுத்தவில்லை.

இப்போது எங்கே போனாலும் என் பைக்தான். இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள். "எனக்கு முடியாமப் போனா விட்டுட்டுப் போயிடுவீங்களா?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். அந்த விஷயத்தில் நான் சொன்ன சொல் தவறாதவன்.

கார் போன பிறகு அவள் கை நிஜமாகவே நடுங்க ஆரம்பித்திருக்கிறது. நேற்று டீயை மடியில் கொட்டிக்கொண்டாள். அதையும் கொண்டுவந்து என் தலையில் கட்டாதீர்கள், மச்சான். நான் தொட்டது கம்பியை மட்டும்தான்.