காணாமல் போன பொத்தான்

இந்த இரங்கல் கூட்ட மேடையில் இருக்கும் சங்கப் பொறுப்பாளர்களே, மென்பொருள் விற்றுப் பிழைக்கும் தோழர்களே, முன்வரிசையில் கலங்கி உட்கார்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அழைக்காமலே மலர்வளையத்தோடு வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணியின் தம்பி அவர்களே! உங்களுக்கும் வணக்கம். நான் ஆறுதல் சொல்ல வரவில்லை.

நம் தலைவர் 'சாவி அண்ணன்', சட்டைப்பை நிறைய, கணினியில் செருகும் லைசென்ஸ் சாவிகளோடு ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் விற்றவர். விற்றதும் ஓடிவந்தாரா? இல்லை! முதல் ரிப்போர்ட் அச்சாகி வரும்வரை நாற்காலியைவிட்டு எழமாட்டார். ஒருமுறை பிரிண்டர் மக்கர் பண்ணி ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, நாளைக்குப் பாத்துக்கலாம், கிளம்புங்க" என்றார் கூடத்துக்காரம்மா. "ரிப்போர்ட்டைக் காட்டுங்க, போறேன்" என்றார் தலைவர்.

மூன்றாண்டுக்கு முன், அந்த மென்பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் விற்கும் உரிமை முழுவதையும் ஒரே ஆளுக்கு எழுதிக் கொடுத்தது. நம்மில் பத்தொன்பது பேர் கடையை மூடினோம். அந்த ஒரே ஆள் யார்? தலைவரிடமே தொழில் கற்ற மைத்துனர்! தலைவர் வழக்குப் போட்டார். "இது ஏகபோகம் இல்லையே, பிடிக்காதவர்கள் வேறு மென்பொருள் வாங்கட்டுமே" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். நானே தடுமாறினேன்.

போன மாதம் என்னோடு போன ஒரு பரிசோதனைக் கூடத்தில் புதிய பதிப்பைத் திறந்த தலைவர் துள்ளிக் குதித்தார். "டேய், இங்க வா! பழைய ரிப்போர்ட்டையெல்லாம் வேற மென்பொருளுக்கு மாத்த வெளிய எடுக்குற பொத்தானைக் காணோம்டா! ஒருத்தன் மட்டும் விக்கிறதை உரிமைன்னு சொல்லிக்கட்டும். வாங்கினவன் வெளியவே போக முடியாதுன்னா அதுக்குப் பேரென்ன? மாட்டிக்கிட்டான்டா என் மச்சான்!"

நோயாளிகளின் பத்து வருட ரிப்போர்ட்டை விட்டுவிட்டு எந்தக் கூடம் வேறிடம் போகும்? அய்யோ, பேராசையில் அவசரப்பட்டு அந்தப் பொத்தானை எடுக்கச் சொல்லிவிட்டீர்களே, மைத்துனரே! பொத்தான் இருந்த பழையது, இல்லாத புதியது, இரண்டு பதிப்புகளும் எங்கள் வக்கீலிடம் பத்திரமாக இருக்கின்றன.

அதற்குள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. மூன்றாம் நாளே வழக்கை வாபஸ் வாங்கும் காகிதத்தோடு வந்தீர்கள். "அக்கா, அத்தானே போயிட்டார், கேஸ் எதுக்கு? ஒரு கையெழுத்துப் போடு" என்றீர்கள். அண்ணி வாங்கி வைத்துக்கொண்டார். அதைச் சம்மதம் என்று நினைத்துத்தானே இவ்வளவு பெரிய மலர்வளையம்?

தோழர்களே! பத்தொன்பது கடைகளும் திறக்கும்வரை ஓயமாட்டோம், இது தலைவர்மீது ஆணை! மன்னிப்பா? அது எங்களிடம் இல்லை.

மைத்துனரே, நேற்று அண்ணி அந்தக் காகிதத்தை என்னிடம் தந்தார். கையெழுத்தில்லை. கணவருக்குப் பதிலாகத் தானே வழக்கை நடத்த மனுக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை பத்தரை மணிக்கு, நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரே வாதியாக நிற்கப்போவது உங்கள் அக்கா. உங்களிடம் சொல்லச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "ரிப்போர்ட் வராம நானும் எழுந்திரிக்க மாட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடுங்க, தம்பி."